டிஎன்ஏ கோப்பில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்: முதல்முறை திறப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிஎன்ஏ வரிசையை எழுத்துகளாகச் சேமிக்கும் ஃபாஸ்டா கோப்பை முதல்முறை திறந்து பார்க்கிறீர்கள். சில வரிகள் முழுக்கப் பெரிய எழுத்து, சில வரிகள் முழுக்கச் சின்ன எழுத்து, சில வரிகள் பாதியில் மாறுகின்றன. தமிழ் எழுத்தில் பெரியது சின்னது என்ற பேச்சே கிடையாது என்பதால், ஆங்கில எழுத்தின் இந்த வேறுபாட்டை நம்மில் பலர் வெறும் அச்சு அலங்காரம் என்று கடந்துவிடுகிறோம். வேறு சிலர் சின்ன எழுத்தெல்லாம் தரம் குறைந்த பகுதி என்று முடிவு கட்டி வெட்டி எறிகிறார்கள். மனித மரபணுத் தொகுதியில் அப்படி வெட்டினால் ஏறத்தாழப் பாதி போய்விடும். இரண்டு தவறுகளும் உடனே தெரிவதில்லை. சில வாரம் கழித்து, முடிவுகள் ஒத்துவராதபோதுதான் தெரியவரும்.

அடிப்படை இதுதான். சின்ன ஏ, பெரிய ஏ இரண்டும் அதே அடினைன். சி, ஜி, டி எழுத்துகளுக்கும், தெரியாத இடத்தைக் குறிக்கும் என் (N) எழுத்துக்கும் இதே கதைதான். ஐயுபேக் என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பின் குறியீட்டு முறையில் எழுத்தின் அளவுக்குத் தனிப்பொருள் இல்லை. அளவு என்பது புத்தகத்தில் யாரோ பென்சிலால் போட்ட அடிக்கோடு மாதிரி. ஏன் போட்டார் என்பது போட்டவருக்குத்தான் தெரியும். ஆகவே கோப்பு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கீழே கட்டளைகளின், கோப்புகளின் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தில் தட்டுங்கள்.

1. கோப்போடு வந்த விளக்கத்தை முதலில் எடுத்து வையுங்கள்

பதிவிறக்கும் அதே அடைவில் ரீட்மீ கோப்பு ஒன்று இருக்கும். அதையும் எம்டி5 பட்டியலையும் (கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்கள்) சேர்த்தே இறக்குங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகு தேடினால் அந்த அடைவில் புதிய பதிப்பு வந்திருக்கலாம்.

மனித மரபணுத் தொகுதியை மூன்று இடங்களிலிருந்து எடுப்பது வழக்கம்.

யுசிஎஸ்சி தளத்தின் எச்ஜி38 கோப்பில் (மனிதத் தொகுதியின் ஒரு பதிப்பு) சின்ன எழுத்து என்றால் மீள்வரிசை, அதாவது திரும்பத் திரும்ப வரும் வரிசை (ரிப்பீட்). ரிப்பீட்மாஸ்கர் நிரல் கண்டுபிடித்தவையும், டேண்டம் ரிப்பீட்ஸ் ஃபைண்டர் நிரல் கண்டுபிடித்தவற்றில் மீளும் அலகு 12 எழுத்துக்கு மிகாதவையும் சின்ன எழுத்தில் இருக்கும். மற்றவை பெரிய எழுத்தில். மீள்வரிசையை இப்படிக் குறித்து வைப்பதுதான் மாஸ்க்; எழுத்தை அழிக்காமல் சின்னதாக்குவது சாஃப்ட் மாஸ்க். அதே அடைவில் பெயரில் 'மாஸ்க்டு' என்று வரும் கோப்பு ஹார்ட் மாஸ்க்; அதில் மீள்வரிசை முழுவதும் என் எழுத்தாக மாற்றப்பட்டிருக்கும்.

என்செம்பிள் தளம் கோப்பின் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. வெறும் 'டிஎன்ஏ' என்றால் மாஸ்க் இல்லை. 'டிஎன்ஏ எஸ்எம்' என்றால் சாஃப்ட் மாஸ்க். 'டிஎன்ஏ ஆர்எம்' என்றால் ஹார்ட் மாஸ்க். இங்கே இன்னொரு பொறி உண்டு: 'பிரைமரி அசெம்பிளி' என்ற கோப்பை எடுங்கள். 'டாப்லெவல்' கோப்பில் மாற்று வடிவங்களும் திருத்தங்களும் சேர்ந்து, இடைவெளியெல்லாம் என் எழுத்தால் நிரப்பப்பட்டிருக்கும். சுருக்கத்தை விரித்தால் பல மடங்கு பெருத்து வட்டை அடைத்துவிடும்.

என்சிபிஐ தரும் மரபணுத் தொகுதிக் கோப்புகளில் யூகேரியோட்டுகளுக்கு (செல்லில் உட்கரு உள்ள உயிரினங்களுக்கு) மீள்வரிசைகள் சின்ன எழுத்தில் வரும். சில உயிரினங்களுக்கு அங்கே ரிப்பீட்மாஸ்கர், சிலவற்றுக்கு விண்டோமாஸ்கர். பாக்டீரியாக் கோப்பில் சின்ன எழுத்தே இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

ஒரே தொகுப்பை இரண்டு இடத்திலிருந்து இறக்கி, சின்ன எழுத்துகள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன என்று குழம்புபவர்கள் நிறைய. மாஸ்க் செய்த கருவியும் அது பயன்படுத்திய மீள்வரிசை நூலகமும் வேறானால் அடிக்கோடுகளும் வேறாகும். வரிசை ஒன்றுதான். அதை உறுதி செய்யும் வழி 8ஆம் படியில் இருக்கிறது.

செலவு: பதிவிறக்கம் இலவசம். எச்ஜி38 சுருக்கிய நிலையில் 900 எம்பி சொச்சம், விரித்தால் 3 ஜிபிக்குச் சற்று மேல். 20 எம்பிபிஎஸ் இணைப்பில் ஆறேழு நிமிடம். குறியீட்டுக் கோப்புகளுக்கும் (இன்டெக்ஸ்) இடம் வேண்டும் என்பதால் 20 ஜிபியாவது காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

2. தலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

கோப்பின் முதல் பத்து வரியைப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். எச்ஜி38இல் அது ஒன்றும் சொல்லாது. 1ஆம் குரோமோசோமின் முதல் 10,000 எழுத்துகளும் என். யுசிஎஸ்சி கோப்பில் வரிக்கு 50 எழுத்து. ஆக, குரோமோசோம் பெயர் உள்ள தலைப்பு வரிக்குப் பிறகு 200 வரி முழுக்க என் மட்டும்தான். 10,001ஆவது எழுத்திலிருந்து குரோமோசோம் முனையின் மீள்வரிசை சின்ன எழுத்தில் தொடங்கும். முதல் ஆயிரம் வரியை மட்டும் பார்ப்பவருக்கு விசித்திரமான படம்தான் கிடைக்கும்.

நடுவிலிருந்து எடுங்கள். சாம்டூல்ஸின் எஃப்ஏஐடிஎக்ஸ் கட்டளையில் குரோமோசோம் பெயரும் இடமும் கொடுத்தால் அந்தத் துண்டை எழுத்தளவு மாறாமல் தரும். ஐந்தாறு இடங்களில் 2,000 எழுத்து வீதம் எடுத்துப் பாருங்கள். சாதாரண ஜிசிப்பில் சுருக்கிய கோப்பில் இது வேலை செய்யாது. கோப்பை விரியுங்கள், அல்லது பிஜிசிப்பில் மறுபடி சுருக்குங்கள். பெயரும் கவனம்: யுசிஎஸ்சியில் 'சிஎச்ஆர்1', என்செம்பிளில் வெறும் '1', என்சிபிஐ ரெஃப்செக்கில் நீண்ட அடையாள எண்.

பிறகு எண்ணுங்கள். யுசிஎஸ்சியின் ஃபாசைஸ் என்ற சிறு நிரல், மொத்தம் எத்தனை, அதில் என் எத்தனை, பெரியவை எத்தனை, சின்னவை எத்தனை என்று ஒரே வரியில் சொல்லிவிடும். மனிதனுக்குச் சின்னவை பாதியை ஒட்டி வந்தால் அது சாஃப்ட் மாஸ்க். பூஜ்யம் வந்து, என் மட்டும் 5 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் மாஸ்க் இல்லாத கோப்பு. என் பாதியை ஒட்டி வந்தால் ஹார்ட் மாஸ்க்.

3. வடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

யாரோ அனுப்பிய கோப்பு, விளக்கம் எதுவும் இல்லை, அனுப்பியவரும் பதில் சொல்வதில்லை. இந்த நிலை அடிக்கடி வரும். அப்போது எழுத்துகள் எப்படித் திட்டுத் திட்டாக இருக்கின்றன என்பதே நல்ல துப்பு. இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள்.

சின்ன எழுத்துகள் நூற்றுக்கணக்கில் தொடர்ந்து நீண்டு, நடுவே பெரிய எழுத்துகளும் அதே அளவில் நீண்டால் அது மீள்வரிசை மாஸ்க். மனித வரிசையில் 300 எழுத்து நீளத் திட்டு திரும்பத் திரும்ப வரும். அது ஆலு என்ற மீள்வரிசை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் நம் மரபணுத் தொகுதியில் சிதறிக் கிடக்கின்றன.

சின்ன எழுத்து ஆயிரக்கணக்கில் ஓடி, நடுநடுவே 100 முதல் 200 வரை பெரிய எழுத்துகள் தீவு மாதிரி நின்றால் அது ஒரு மரபணு. பெரியவை எக்ஸான் (முதிர்ந்த ஆர்என்ஏவில் தங்கும் பகுதி), சின்னவை இன்ட்ரான் (வெட்டி நீக்கப்படும் பகுதி). சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. தீவு முடிந்ததும் வரும் முதல் இரண்டு சின்ன எழுத்துகள் ஜிடி ஆகவும், அடுத்த தீவுக்கு முந்தைய இரண்டு எழுத்துகள் ஏஜி ஆகவும் இருக்க வேண்டும். பெரும்பாலான இன்ட்ரான்கள் இந்த விதிக்குக் கட்டுப்படும். எல்லாத் தீவுக்கும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டு முனைகளில் மட்டும் சின்னது, நடுவில் பெரியது என்றால் அது வரிசைப்படுத்தும் கருவியிலிருந்து வந்த ரீடு, அதாவது கருவி படித்த ஒரு டிஎன்ஏ துண்டு. பழைய 454 கருவியின் கோப்பை வெட்டாமல் எடுத்தால், வெட்ட வேண்டிய முனைகள் சின்ன எழுத்தில் வரும். கட்அடாப்ட் நிரலிலும் அடாப்டரை (வரிசைப்படுத்துவதற்காக முனையில் ஒட்டிய செயற்கைத் துண்டு) வெட்டாமல் சின்ன எழுத்தாக்கும் வசதி உண்டு. சாங்கர் என்ற பழைய முறையின் ரீடுகளை இணைக்கும் ஃப்ராப் நிரலில் சின்ன எழுத்து என்றால் தரம் குறைவு. 'சின்ன எழுத்து என்றால் தரம் குறைவு' என்ற நம்பிக்கை உண்மையாகும் இடங்கள் இவைதான். இங்கே கற்றதை எச்ஜி38க்குக் கொண்டுபோவதுதான் தவறு.

பேக்பயோ வரிசைப்படுத்தும் கருவியின் தரவிலிருந்து குவிவர் அல்லது ஆரோ நிரலால் செய்த வரிசையில் சின்ன எழுத்துத் துண்டுகள் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ரீடுகளே இல்லாத இடத்தில் அந்த நிரல், தானாகவே, மூல வரிசையின் எழுத்தைச் சின்னதாக்கி நிரப்பிவிடும். அது உங்கள் மாதிரியில் அளந்தது கிடையாது. அதைப் பெரிய எழுத்தாக்கிச் சமர்ப்பித்தால் இல்லாத தரவை இருப்பதாகச் சொன்னதாகிவிடும்.

ஒன்றிரண்டு எழுத்து மட்டும் அங்கங்கே சின்னதாக இருந்தால், யாரோ மாறுபாடுகளைக் குறித்திருக்கலாம். பிசிஎஃப்டூல்ஸ் கன்சென்சஸ் கட்டளையில் அப்படிக் குறிக்கும் விருப்பம் இருக்கிறது.

எல்லாமே சின்ன எழுத்து என்றால் ஜென்பேங்க் அல்லது இஎம்பிஎல் பதிவிலிருந்து நகலெடுத்தது. அந்தப் பதிவுகளில் வரிசையை அப்படித்தான் அச்சிடுவார்கள். பொருள் ஒன்றும் இல்லை.

வரிசையில் புள்ளிகளும் சிறு கோடுகளும் கலந்திருந்தால் அது ஏ2எம் வடிவ ஒப்பீட்டுக் கோப்பாக இருக்கலாம். அதில் பெரிய எழுத்து மாதிரியோடு பொருந்திய நெடுவரிசை, சின்ன எழுத்து செருகல். அதை ஒரேயடியாகப் பெரிய எழுத்தாக்கினால் நெடுவரிசைகளின் பொருளே குலைந்துபோகும், திரும்பப் பெற வழியில்லை.

யுசிஎஸ்சி தளத்தில் மரபணு வரிசையை எடுக்கும் பக்கத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். 'எக்ஸான் பெரிய எழுத்தில், மற்றவை சின்ன எழுத்தில்' என்ற தேர்வும், 'மீள்வரிசையைச் சின்ன எழுத்தாக்கு' என்ற தேர்வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் குறித்தால் ஒரே சின்ன எழுத்துக்கு இரண்டு பொருள் வந்துவிடும். எக்ஸானை எழுத்தளவால் காட்ட வேண்டுமானால், மீள்வரிசைக்கு என் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அதை விட்டுவிடுங்கள்.

4. உங்கள் நிரல் எழுத்தளவைப் பார்க்கிறதா என்று கண்டுபிடியுங்கள்

ரீடுகளைப் பொருத்தும் நிரல்களான பிடபிள்யூஏ, போடை2, ஹைசாட்2, ஸ்டார், மினிமேப்2 எதுவும் பார்ப்பதில்லை. சாஃப்ட் மாஸ்க் கோப்பைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஹார்ட் மாஸ்க் கோப்பை மட்டும் இவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. மீள்வரிசையிலிருந்து வந்த ரீடுக்குத் தன் உண்மையான இடம் என் எழுத்தாகிவிட்டதால், கொஞ்சம் ஒத்த இன்னொரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே இல்லாத மாறுபாடுகள் முளைக்கும். நாட்கள் கழித்துத் தலைகீழாகத் தேடினாலும் காரணம் பிடிபடாத வகைப் பிழை இது.

ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் நிரல், கேட்கும் வரிசையில் உள்ள சின்ன எழுத்தைத் தானாக மதிக்காது. 'எல்கேஸ் மாஸ்கிங்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் மதிக்கும். இணையப் பக்கத்தில் அதற்கு ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. தரவுத்தளப் பக்கம் இன்னும் சிக்கல். மேக்பிளாஸ்ட்டிபி கட்டளைக்குச் சாஃப்ட் மாஸ்க் கோப்பைக் கொடுத்தால் சின்ன எழுத்துத் தகவல் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். முதலில் கன்வர்ட்2பிளாஸ்ட்மாஸ்க் கட்டளையால் மாஸ்க் கோப்பைத் தனியாகப் பிரித்து, அதைத் தரவுத்தளம் கட்டும்போது சேர்த்து, தேடும்போதும் அதைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று விட்டாலும் பலனில்லை, பிழைச் செய்தியும் வராது.

மரபணுத் தொகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் லாஸ்ட்இசட், கேக்டஸ் ஆகியவை எழுத்தளவை மதிப்பவை. மாஸ்க் இல்லாத கோப்பைக் கொடுத்தால் லட்சக்கணக்கான ஆலுக்கள் ஒன்றோடொன்று பொருந்தி, மணிக்கணக்கில் முடிய வேண்டிய வேலை நாட்கணக்கில் இழுக்கும். மரபணுக்களைக் கணிக்கும் அகஸ்டஸ், பிரேக்கர் இரண்டுக்கும் சாஃப்ட் மாஸ்க்தான் சரி. ஹார்ட் மாஸ்க் கொடுத்தால் மீள்வரிசையின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும் உண்மையான எக்ஸான்களும் அழிந்துவிடும்.

5. நீங்களே எழுதும் நிரலில் வரும் பிழைகள்

மிக அதிகமாக நேரும் பிழை இங்கேதான். பைதானில் ஒரு வரிசையில் ஜி எத்தனை என்று கேட்டால் பெரிய ஜி மட்டும்தான் எண்ணப்படும். மனிதக் குரோமோசோமில் ஜிசி விழுக்காடு (ஜி, சி இரண்டும் சேர்ந்த பங்கு) 40ஐ ஒட்டி வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் காரணம் இதுதான்.

வெட்டு நொதியின் இடத்தைத் தேடுவதும் இப்படித்தான். ஈகோஆர்1 நொதி வெட்டும் ஜிஏஏடிடிசி என்ற ஆறு எழுத்தில் முதல் இரண்டு பெரியதும் மற்ற நான்கு சின்னதுமாக, மாஸ்க் எல்லையில் அமர்ந்திருக்கலாம். முழுப் பெரிய எழுத்திலும் முழுச் சின்ன எழுத்திலும் இரண்டு முறை தேடினால்கூட அது அகப்படாது. வரி மடிப்பிலும் அதே போல் தப்பும். முதலில் வரிகளை ஒன்றாக்கி, நகலைப் பெரிய எழுத்தாக்கி, பிறகு தேடுங்கள்.

இயந்திரக் கற்றலுக்கு எழுத்தை எண்ணாக மாற்றும்போது, அட்டவணையில் பெரிய எழுத்து நான்கு மட்டும் இருந்தால், சின்ன எழுத்தெல்லாம் பூஜ்யமாகிவிடும். மாதிரி ஓடும், கற்கும், பாதி தரவைப் பார்க்காமலே.

பயோபைதான் ஃபாஸ்டா கோப்பை உள்ளபடியே படிக்கும்; ஜென்பேங்க் கோப்பைப் பெரிய எழுத்தாக்கிப் படிக்கும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் சமமில்லை என்று சொல்லும்.

6. பெரிய எழுத்தாக மாற்றும்போது தலைப்பு வரியைக் காப்பாற்றுங்கள்

முழுக் கோப்பையும் டிஆர் கட்டளையால் மாற்றினால் தலைப்பு வரியில் உள்ள குரோமோசோம் பெயரும் பெரிய எழுத்தாகும். அதன்பின் எந்த மாறுபாட்டுக் கோப்போடும் ஒத்துப்போகாது. செக்டிகே நிரலின் செக் கட்டளையில் பெரிய யு விருப்பம், அல்லது செக்கிட் நிரலின் செக் கட்டளையில் சின்ன யு விருப்பம் வரிசையை மட்டும் மாற்றும். மூலக் கோப்பை அழிக்காமல் புதிய பெயரில் எழுதுங்கள். செக்டிகே வரி மடிப்பையும் எடுத்துவிடும் என்பதால் குறியீட்டுக் கோப்பைப் புதிதாக உருவாக்குங்கள்.

7. நீங்களே மாஸ்க் செய்ய வேண்டி வந்தால்

புதிதாகத் தொகுத்த உயிரினத்துக்கு இது தேவைப்படும். முதலில் ரிப்பீட்மாடலர் கொண்டு மீள்வரிசை நூலகம் கட்டி, அதை ரிப்பீட்மாஸ்கருக்குக் கொடுங்கள். மனித அளவுத் தொகுதி என்றால் பல செயலிக் கருக்கள் (கோர்) கொண்ட கணினியிலும் நாட்கணக்கு. நிரல்கள் இலவசம். டிஃபேம் நூலகமும் இலவசம். ரெப்பேஸ் நூலகத்துக்குச் சந்தா உண்டு. முதலில் டிஃபேமோடு தொடங்குங்கள்.

ஒரு விருப்பத்தை மறக்கவே கூடாது. ரிப்பீட்மாஸ்கர் சும்மா ஓடினால் என் எழுத்து போட்டு ஹார்ட் மாஸ்க் செய்துவிடும். 'எக்ஸ்ஸ்மால்' என்று சேர்த்தால்தான் சின்ன எழுத்து வரும்.

மறந்துவிட்டால் மறுபடி ஓட்ட வேண்டாம். அதன் 'அவுட்' கோப்பில் எல்லா இடங்களும் இருக்கின்றன. அதைப் பெட் வடிவத்துக்கு (இடங்களின் தொடக்கமும் முடிவும் உள்ள பட்டியல்) மாற்றி, பெட்டூல்ஸின் மாஸ்க்ஃபாஸ்டா கட்டளையில் 'சாஃப்ட்' விருப்பத்தோடு, மாஸ்க் செய்யாத மூலக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். சில நிமிடத்தில் முடியும். அவுட் கோப்பில் எண்ணிக்கை 1இல் தொடங்கும், பெட் வடிவத்தில் 0இல் தொடங்கும். தொடக்க எண்ணில் ஒன்றைக் கழியுங்கள், முடிவு எண்ணைத் தொடாதீர்கள். மூலக் கோப்பில் ஏற்கெனவே சின்ன எழுத்துகள் இருந்தால் அவை அப்படியே தங்கிவிடும் என்பதால், அதை முதலில் 6ஆம் படியில் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள்.

பிரைமர் (பிசிஆரில் நகலெடுப்பைத் தொடங்கும் குறுந்துண்டு) வடிவமைப்பவர்களுக்கு: பிரைமர்3 நிரலில் 'லோயர்கேஸ் மாஸ்கிங்' இயல்பாக அணைந்திருக்கும். அதை 1 ஆக்கினால் 3' முனையின் கடைசி எழுத்து சின்னதாக உள்ள பிரைமர்கள் மட்டும் தள்ளுபடியாகும். நடுவில் உள்ள சின்ன எழுத்துகளை அது பொருட்படுத்தாது. முழுப் பிரைமரும் மீள்வரிசைக்கு வெளியே இருக்க வேண்டுமானால் நீங்களே பார்த்து ஒதுக்குங்கள். குளோனிங்குக்கான பிரைமரில் நொதி வெட்டும் வாலைச் சின்ன எழுத்திலும், ஒட்டும் பகுதியைப் பெரிய எழுத்திலும் எழுதும் வழக்கம் ஆய்வகங்களில் உண்டு. உருகுநிலையைக் கணக்கிடும்போது பெரிய எழுத்துப் பகுதியை மட்டும் கொடுங்கள். முழுவதையும் கொடுத்தால் முதல் சுழற்சிகளுக்குப் பொருந்தாத உயர்ந்த எண் வரும்.

8. இரண்டு கோப்பும் ஒன்றா என்று பார்க்கும் முறை

கோப்பின் எம்டி5 எண் வேறாக வந்தால் வரிசை வேறு என்று பொருளில்லை. எழுத்தளவோ வரி நீளமோ மாறினாலே அந்த எண் மாறிவிடும். ரீடுகள் எங்கே பொருந்தின என்பதைச் சேமிக்கும் சாம் வடிவத்தின் தலைப்பில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் வரும் எம்5 எண், வரிசையை முழுக்கப் பெரிய எழுத்தாக்கி, இடைவெளிகளை நீக்கிய பின் கணக்கிடப்படுகிறது. சாம்டூல்ஸின் டிக்ட் கட்டளையை இரண்டு கோப்பிலும் ஓட்டி, இந்த எண்ணை ஒப்பிடுங்கள். சாஃப்ட் மாஸ்க் கோப்பும் மாஸ்க் இல்லாத கோப்பும் ஒரே எண்ணைத் தரும். ஹார்ட் மாஸ்க் கோப்பு தராது.

சாமின் இரும வடிவமான பாம் கோப்பில் எழுத்தளவு தங்காது. ஒவ்வொரு எழுத்தும் நான்கு பிட்டில் சேமிக்கப்படுவதால் சின்னது பெரியது என்ற தகவலுக்கு இடமே இல்லை. அடாப்டரைச் சின்ன எழுத்தில் குறித்து வைத்தவர்கள் பாம் வடிவுக்கு மாற்றும்முன் அதை வெட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் ரீடுகள் காட்டும் எழுத்துகளைத் தரும் சாம்டூல்ஸின் எம்பைலப் வெளியீட்டில், ரீடுகளின் நெடுவரிசையில் வரும் சின்ன எழுத்துக்கு மேலே சொன்ன எந்தப் பொருளும் இல்லை. அங்கே பெரிய எழுத்து முன்னிழையில் வந்த மாறுபாடு, சின்ன எழுத்து எதிரிழையில் வந்த மாறுபாடு. ஒரு மாறுபாடு சின்ன எழுத்தில் மட்டுமே வந்து பெரிய எழுத்தில் ஒருமுறைகூட வரவில்லை என்றால், அது உண்மையா அல்லது கருவியின் பிழையா என்று அந்த இடத்தின் ரீடுகளைத் திரையில் திறந்து பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.